இஸ்திரி போடாத கோடு

எங்கள் அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருந்த பெயர் தீப்பெட்டி. ஆள் குள்ளம், லேசாக உரசினால் போதும், பற்றிக்கொள்வேன் என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்த அன்று அரை மணி நேரம் கத்தினேன். பெயர் பொருத்தமானதுதான் என்று நானே நிரூபித்துக் கொடுத்ததோடு சரி. கட்டடம் வரைகிறவள் நான். என் தம்பி கணினி நிரல் எழுதுகிறவன். இரண்டு பேரும் ஒரே கூரையைச் சேர்ந்து போட்டுக்கொண்டிருந்தோம். அவன் இப்போது எங்கள் அலுவலகத்தில் இல்லை. அவன் போனதற்குக் காரணம் நான்தான். இதை இப்படி நேராகச் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆயிற்று, அதனால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். அவன் வந்து சேர்ந்தபோது எனக்குக் கணினியைக் கண்டாலே ஆகாது. நான் ஆள் நீளத் தாளை விரித்துப் போட்டு, தோளிலிருந்து கையை வீசி, ஒரே இழுப்பில் கூரையை வரைகிற ரகம். மணிக்கட்டால் இழுத்தால் கோடு பயந்து பயந்து போகும், தோளால் இழுத்தால்தான் துணிந்து போகும் என்பது என் கட்சி. மற்றவர்கள் இதைக் கேட்டால் கொட்டாவி விடுவார்கள். தம்பி கொட்டாவி விடவில்லை. "நீ கையாலயே வரைஞ்சுக்கோக்கா. அந்தக் கோட்ட அப்படியே நான் உள்ள எடுத்துக்கறேன். நீ மவுஸத் தொடவே வேணாம்" என்றான்.

அப்படித்தான் எங்கள் முறை பிறந்தது. ஒரு கூரைக்கு நான் மூன்று கோடு மட்டும் போடுவேன். முன்பக்கம் எப்படி வளைய வேண்டும், நடுவில் எப்படி, பின்பக்கம் எப்படி, அவ்வளவுதான். தம்பி தாளை ஸ்கேனரில் கொடுப்பான். அவனுடைய நிரல் ஒவ்வொரு கோட்டையும் ஆயிரக்கணக்கான புள்ளிகளாக உடைத்து, அந்த மூன்றுக்கும் இடையில் வர வேண்டிய மற்ற வளைவுகளையெல்லாம் தானே கணக்கிட்டு நிரப்பும். பிறகு மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு, கூரையைத் தாங்கும் ஒவ்வொரு மரச் சட்டத்துக்கும் தனித்தனியாக அளவு எழுதித் தரும். நாற்பது சட்டம் என்றால் நாற்பதும் வேறு வேறு. இதையே கையால் கணக்குப் போட உட்கார்ந்தால் ஒரு கூரைக்கு ஒரு வருடம் பிடிக்கும்.

முதல் தடவை அது வேலை செய்த மதியத்தை நான் மறக்கவில்லை. நடுக்கோட்டை அழித்துவிட்டு ஒரு விரல்கடை உயர்த்தி மறுபடி போட்டேன். தம்பி தாளை உள்ளே தள்ளினான். திரையில் இருந்த கூரை முழுக்க ஒரு தடவை மூச்சை இழுத்தது. "என் கைடா அது!" என்று கத்தினேன். சந்தோஷம் வந்தாலும் எனக்குக் கத்தத்தான் வரும். அவன் சுழல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி, "இன்னொண்ணு போடு, இன்னொண்ணு போடு" என்றான். பதினேழு தாள் வீணாக்கினோம். சாப்பாடு டப்பாவைத் திறக்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு வேலை செய்ததில்லை.

நிரலில் ஒரு பகுதிக்கு அவன் இஸ்திரி என்று பெயர் வைத்திருந்தான். ஸ்கேனர் வழியாக வரும் கோடு சுத்தமாக இருக்காது. தாளின் சொரசொரப்பு, ரப்பர் துகள், கை நடுக்கம் எல்லாம் சேர்ந்தே வரும். அந்தச் சுருக்கங்களை நீவி விடுவது இஸ்திரியின் வேலை. அது முடிந்ததும் இன்னொரு பகுதி, கூரை மேல் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது போலக் கணக்குப் போடும். எங்காவது தேங்கும் என்றால் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் விழும். அதற்குப் பெயர் பள்ளம்பார். இரண்டும் முடிந்ததும், "அக்கா, துணி ரெடி, வந்து பாரு" என்று கூப்பிடுவான். நான் எழுந்து போய்க் குற்றம் கண்டுபிடிப்பேன்.

அந்த இஸ்திரியால்தான் சண்டை வந்தது. ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் காத்திருப்புக் கூடம் வரைந்தோம். கூரையின் ஓரத்தை நான் நான்கு விரல்கடை தூக்கி விட்டிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் கழுத்தை நிமிர்த்தாமலே எதிரில் இருக்கும் மரங்களின் உச்சியைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தேன். நோயாளியோடு வந்து நாள் பூராவும் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும், தரையையே எவ்வளவு நேரம் பார்ப்பது. இஸ்திரிக்கு இது தெரியுமா? கோட்டின் நுனியில் கை ஆடிவிட்டது என்று முடிவுகட்டி, நீவி மட்டமாக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் எதிரில் அட்டை மாதிரியின் மூடியைத் திறந்தபோதுதான் அதை நான் பார்த்தேன்.

கோபத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பதே மறந்துபோயிற்று.

"யாரக் கேட்டுடா என் கோட்டுல கை வச்ச?"

"இல்லக்கா, அது நடுக்கம்னு ப்ரோகிராம்..."

"நடுக்கமா? எனக்கா? முப்பது வருஷமா கோடு போடுற கைக்கும் சுவத்துல கிறுக்குற கைக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு ஜடத்த எழுதி வச்சிருக்க. தெரியலன்னா வாய மூடிட்டு நான் போட்டத போட்ட மாதிரி போடு. உன்ன யாரும் யோசிக்கச் சொல்லல."

ஆஸ்பத்திரி நிர்வாகி தண்ணீர் டம்ளரை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். தம்பி அட்டை மாதிரியின் மூடியை எடுத்து மறுபடி மூடினான். அன்று சாயங்காலத்துக்குள் ஓரத்தைத் தூக்கிவிட்டுப் புது மாதிரி செய்து என் மேஜையில் கொண்டுவந்து வைத்தான். கச்சிதமாக இருந்தது. நான் "ம்" என்றேன். மூன்று நாள் எங்களுக்குள் பேச்சில்லை. நான்காவது நாள் பென்சில் சீவுகிற கத்தி எங்கே என்று கேட்டேன், அவன் எடுத்துக் கொடுத்தான், எல்லாம் சரியாகிவிட்டது. அக்கா தம்பிக்குள் மன்னிப்பெல்லாம் கேட்டுக்கொண்டா இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ரொம்ப வசதியான நினைப்பு அது.

அடுத்த வருடம் ஒரு பள்ளிக்கூடம் எங்களிடம் வந்தது. சின்னக் குழந்தைகள் பாடவும் ஆடவும் விளையாடவும் ஒரு கூடம் வேண்டும். பதினெட்டு மீட்டர் அகலம், நாற்பத்தொரு மரச் சட்டம். இடப்பக்கம் உயர்ந்து எழுந்து, வலப்பக்கம் போகப் போகத் தணிந்து, கிட்டத்தட்டப் படுத்துவிடுகிற மாதிரி ஒரு கூரையை நினைத்திருந்தேன். பத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்தாலும் தாள் ஆள் நீளத்துக்கு மேல் வரும். என்னிடம் அவ்வளவு நீள மேஜை கிடையாது. இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, நடுவில் இடுக்குத் தெரியாமல் இருக்க ஒரு நீளப் பலகையை மேலே வைத்துத்தான் எப்போதும் வரைவேன். அந்தப் பலகை இல்லாமல் நான் பெரிய தாளில் கை வைத்ததே இல்லை.

நடுக்கோட்டைக் கடைசியாகத் திருத்த வேண்டிய நாளில் பலகை இல்லை. பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்காகக் கூடத்தின் மாதிரியை அதன் மேல் வைத்துத் தம்பி வண்டியில் எடுத்துப் போயிருந்தான். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். கட்டுமான ஒப்பந்தக்காரர் காலையிலிருந்து நான்கு தடவை போன் செய்து, மரம் வந்து இறங்கிவிட்டது, அளவு எங்கே என்று நச்சரித்திருந்தார். ஒரு மணி நேரம் காத்திருக்க எனக்கு ஏது பொறுமை? தாளை வெறும் மேஜைகளின் மேலேயே விரித்தேன். என்னுடைய பழுப்புப் பென்சிலை எடுத்து, தோளிலிருந்து கையை வீசி, ஒரே இழுப்பு.

இடுக்கின் மேல் போகும்போது பென்சில் நுனி உள்ளே மாட்டி, என் பக்கமாகக் கொஞ்சம் சறுக்கியது. கைக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். பார்வைக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. போகட்டும் என்று விட்டேன். அது ஐந்து மில்லிமீட்டர். கூரையில் அது ஐந்து சென்டிமீட்டர் ஆகும், அதுவும் கூரை படுத்துக் கிடக்கிற இடத்தில். சாய்வான கூரையில் ஐந்து சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. படுத்த கூரையில் அது ஒரு குட்டை. ஒரு கோட்டில் விழுந்த குழியை நிரல் தன் வழக்கப்படி அக்கம்பக்கத்துச் சட்டங்களுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுத்தது. கட்டமைப்புப் பொறியாளர் கூரையின் வலுவைப் பார்த்தார். தண்ணீர் எங்கே போகும் என்று பார்ப்பது எங்கள் வேலை.

கூடம் திறந்தபோது குழந்தைகளையெல்லாம் தரையில் மல்லாந்து படுக்கச் சொன்னார் தலைமையாசிரியை. நூறு குழந்தைகள் படுத்துக்கொண்டு சட்டங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணின. ஒரு குழந்தைக்கு முப்பத்தெட்டு வந்தது, இன்னொன்றுக்கு அறுபது. நானும் தம்பியும் சுவரோரம் நின்று சிரித்தோம்.

முதல் பெருமழை ஐந்து மாதம் கழித்து வந்தது, நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாவது நாள் பள்ளிக்கூடம் விடுமுறை. அன்று காலை உள்கூரைப் பலகைகள் ஊறி, உப்பி, ஒரு அறை அளவுக்குப் பெயர்ந்து தரையில் விழுந்தன. குழந்தைகள் படுத்து எண்ணிய அதே தரைதான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கூட்டம். அதற்கு முன்னால், அலுவலகத்துக்கு யாரும் வராத நேரத்தில், குழாய்ப் பெட்டியிலிருந்து நடுக்கோட்டுத் தாளை உருவி மேஜையில் விரித்தேன். கூரை மேல் ஏறிப் பார்த்தபோது இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் தண்ணீர் நின்றது என்று குறித்துக்கொண்டு வந்திருந்தேன். தாளில் அதே இடத்தை அளந்தேன். இடது ஓரத்திலிருந்து நூற்றிருபது சென்டிமீட்டர். பிறகு இடப்பக்க மேஜையை இடுக்கு வரை அளந்தேன், தெரிந்துகொண்டே அளந்தேன். நூற்றிருபது. தாளைச் சுருட்டி மறுபடி பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்தோம். தலைமையாசிரியை, ஒப்பந்தக்காரர், பொறியாளர், நானும் தம்பியும். பொறியாளர் சுற்றி வளைக்கவில்லை.

"சட்டமெல்லாம் நீங்க குடுத்த அளவுக்குத்தான் அறுத்திருக்கு. அளவுலயே பள்ளம் இருக்கு. அது எங்கேருந்து வந்துச்சு?"

சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வண்டியில் வரும்போது வாக்கியத்தைக்கூட மனதுக்குள் அமைத்து வைத்திருந்தேன். அதற்குள் தம்பி பேசிவிட்டான்.

"ப்ரோகிராம்லேருந்து. பள்ளம் இருந்தா அது காட்டியிருக்கணும். காட்டல. எழுதினவன் நான், தப்பு என்னோடது."

தலைமையாசிரியை அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீங்க கையால வரையறீங்கன்னுதான் நம்பிக் குடுத்தோம். நடுவுல மெஷின விட்டா இப்படித்தான் ஆகும், இல்லீங்களா?"

நான் தலையாட்டினேன்.

எதற்கெடுத்தாலும் கத்துகிற வாய் இது. காய்கறிக்காரரிடம் கத்தும், போனில் கத்தும், ஸ்கேனரைப் பார்த்துக்கூடக் கத்தும். ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் திறக்கவில்லை. ஏன் என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் கையும் தவறும் என்று ஒப்புக்கொண்டால் என்னிடம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது என்று பயந்தேன், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு என் தம்பியை விலையாகக் கொடுத்தேன். வெளியே வந்தபோது அவனிடம், "எதுக்குடா நீயா போய்ச் சொன்ன?" என்று கேட்டேன். "விடுக்கா" என்றான். நானும் உடனே விட்டுவிட்டேன்.

கூடத்தை ஏழு மாதம் பூட்டி வைத்துச் சரிசெய்தார்கள். எங்கள் தொழிலில் செய்தி பரவுவதற்கு அதில் பாதிகூட வேண்டாம். வருகிறவர்கள் எல்லாரும் நாசூக்காகக் கேட்டார்கள், "வரையறது நீங்கதானே? கம்ப்யூட்டர் வேலை தம்பி கிட்ட போகாதுல்ல?" முதலில் மழுப்பினேன். அப்புறம் "போகாது" என்று சொல்ல ஆரம்பித்தேன். தம்பிக்குக் கதவு எண் எழுதுகிற வேலை, பட்டியல் தட்டச்சு செய்கிற வேலை என்று கொடுத்தேன். ஒரு நாள் அவன் பையை மாட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்து, "எனக்கும் ஒரு மாறுதல் வேணும்க்கா" என்றான். வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோகிற வேன்களுக்கு எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று வழி கணக்கிடுகிற நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. "நல்லதுடா" என்றேன். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

இரண்டு வருடம் அவனுடைய நிரலை யாரும் தொடவில்லை. போன மாதம்தான், ஒரு நூலகக் கூரைக்காக, கண்ணாடி போட்ட ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தேன். கெட்டிக்காரி, ஆனால் எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்பாள். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லவே பாதி நாள் போகும். ஒரு காலையில், "மேடம், பழுப்புக் கோடு வந்தா மட்டும் எல்லா சோதனையும் நிறுத்தி வச்சிருக்காரே, ஏன்?" என்று கேட்டாள்.

அலுவலகத்தில் பழுப்புப் பென்சில் என்னுடையது மட்டும்தான். மற்றவர்களுக்கெல்லாம் கறுப்பு. எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். நிரல் எழுதுகிறவர்கள் தங்களுக்காகவும் தங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகவும் நடுநடுவே குறிப்பு எழுதி வைப்பார்கள், கணினி அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். அப்படி ஒரு குறிப்பு. மேலே தேதி. ஆஸ்பத்திரிக்காரர்கள் எதிரில் நான் கத்திய அதே தேதி. அதன் கீழே அவன் எழுதியிருந்தான்: இது அக்கா போடும் கோடு. இஸ்திரி வேண்டாம். பள்ளம் பார்க்க வேண்டாம். அக்காவுக்குத் தெரியும்.

"மேடம், இத அப்படியே வச்சுக்கலாமா, எடுத்துடலாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். எடுத்துவிடு என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதே வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியையிடம் தாளை விரித்து, இடுக்கு விழுந்த இடத்தைக் காட்டி, "கம்ப்யூட்டர் இல்ல, என் கைதான் தப்பு பண்ணுச்சு. என் தம்பி மேல பழி போட்டப்ப நான் சும்மா இருந்தேன்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்ட வேண்டும் என்றுகூட விரும்பினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அதெல்லாம் சரியாகி ரொம்ப நாளாச்சுங்களே. இப்ப ஒழுகுறதில்ல" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "உங்க தம்பி அப்ப ஒரு லெட்டர் எழுதியிருந்தாரு, குழந்தைங்க கிட்ட மன்னிப்புக் கேட்டு. அத நான் பதில் போடாம வச்சுட்டேன்" என்றார். அந்தக் கடிதத்தைப் பற்றி எனக்குத் தெரியாது.

அங்கிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். என் மனதில் இரண்டு காரியம் இருந்தது. ஒன்று, மன்னிப்புக் கேட்பது. இன்னொன்று, அவனைத் திரும்ப அழைத்துக்கொண்டு வருவது. மூன்றாவது மாடி ஏறுவதற்குள் இரண்டையும் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவன் முக்காலி மேல் ஏறி நின்று மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வாக்கா. அந்த முக்காலியக் கொஞ்சம் புடிச்சுக்கோ, ஆடுது" என்றான். அவன் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "வாங்க அண்ணி, டீ போடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் குனிந்து முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். பலகை இல்லாமல் வரைந்தது. கூட்டத்துக்கு முன்னால் தாளை அளந்து பார்த்தது. தலையாட்டியது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்தது. மேலேயிருந்து தூசி என் தலையில் விழுந்துகொண்டே இருந்தது.

"திரும்ப வந்துடுடா. முன்ன மாதிரி சேந்து செய்யலாம். வெளிய எல்லார் கிட்டயும் நானே உண்மையச் சொல்றேன்" என்று முடித்தேன்.

தம்பி இறங்கினான். துணியை மடித்து முக்காலி மேல் வைத்துவிட்டு, எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்கு நரை விழுந்திருந்தது.

"நான் பாத்தேன்க்கா" என்றான்.

"எத?"

"அந்தப் பள்ளத்த. நாப்பத்தொரு சட்டத்துக்கும் அளவு சரிபாத்து அனுப்ப நாலு நாள் ஆச்சுல்ல, மொத நாளே பாத்துட்டேன். ஸ்க்ரீன்லயே தெரிஞ்சுது. எழுதினவனுக்குச் சிவப்பு வட்டம் வேற வேணுமா?"

எனக்குப் புரியவில்லை. புரிந்தது, ஆனால் மண்டைக்குள் இறங்கவில்லை. அவன் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனான்.

"மேஜை இடுக்கா இருக்கும்னுகூடத் தோணுச்சு. பலகைய எடுத்துட்டுப் போனதே நான்தானே. ஆனா ஆஸ்பத்திரி ஓரத்தக்கூட முதல்ல நடுக்கம்னுதான நெனச்சேன். இதுக்கும் உன் கிட்ட ஏதாவது காரணம் இருக்கும்னு ஒரு மனசு. இல்ல, கேட்டுடலாம்னு ஒரு மனசு. ரெண்டு தடவ உன் டேபிள் வரைக்கும் வந்தேன். மொத தடவ நீ போன்ல யாரையோ திட்டிட்டு இருந்த. ரெண்டாவது தடவ சும்மாதான் இருந்த, பென்சில் சீவிட்டு இருந்த. அப்பவும் கேக்க வரல. திரும்பிப் போயி அனுப்பிட்டேன்."

"அப்ப மீட்டிங்ல..."

"உன்னக் காப்பாத்துறதுக்காகச் சொல்லலக்கா. பாத்துட்டும் சொல்லாம விட்டவன் நான். என் தப்புன்னுதான் சொன்னேன், உண்மையத்தான் சொன்னேன்."

மூன்று வருடமாக நான் அவனை ஒரு தியாகியாக்கி வைத்திருந்தேன். எனக்காகப் பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்ட தம்பி என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன். அந்த அழுகையில் எனக்கு ஒரு சுகம்கூட இருந்திருக்க வேண்டும். இப்போது அதுவும் போயிற்று. நான்கு நாள். நாலு நாளில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு இரண்டு நிமிடத்தில் வேறு கோடு போட்டிருப்பேன். கூரை விழுந்திருக்காது, அவன் போயிருக்க மாட்டான். அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாடிப்படியில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வார்த்தைதான். வாயைத் திறந்தேன்.

"குழந்தைங்க படுத்துக் கெடக்குற எடம்டா அது! கண்ணால பாத்துட்டு நாலு நாள் வாய மூடிட்டு இருந்தியா? அறிவிருக்காடா உனக்கு? ஒரு வார்த்த கேட்டா நான் என்ன உன்னக் கடிச்சுத் தின்னுடுவேனா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவன் மனைவி டீ டம்ளரோடு வாசற்படியில் வந்து நின்றாள், உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல். என் விரல் அவன் முகத்துக்கு நேராக நீண்டிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

தம்பி கோபப்படவில்லை. அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுக்குத்தான்க்கா கேக்கல" என்றான்.